ஐந்து கோல் வாங்கிய பிள்ளைகள்

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. தென்கிழக்காசியக் காற்பந்துப் போட்டியான சுசுகி கிண்ணத்தில் மலேசியாவின் முதல் ஆட்டம். முதல் கோலை அடித்தது மலேசியாதான். முடிவில் இந்தோனேசியாவிடம் 5-1 எனத் தோற்றது. அப்படியொரு இரவுக்குப் பிறகு பயிற்றுநர் வீரர்களைக் கைகாட்டுவதும் சங்கம் பயிற்றுநரைக் கைகாட்டுவதும் வாடிக்கை.

அன்றைய மலேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால் கோலாலம்பூர்ப் பிள்ளை, செத்தாப்பாக்கில் பிறந்தவர். அந்தக் குழுவில் பெரும்பாலோர் அவரே வளர்த்த இளைஞர்கள். 2009 சீ விளையாட்டில் வியட்நாமை 1-0 என வென்று, இருபது ஆண்டுக்குப் பின் நாட்டுக்குக் காற்பந்துத் தங்கம் கொண்டுவந்தவர்கள். ஒரு தோல்விக்காக அவர்களை அவர் கைவிடவில்லை. பெயர் பெற்ற மூத்தவர்களைத் தேடிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்தப் பிடிவாதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டிசம்பர் 26. புக்கிட் ஜாலில் அரங்கில் இடமில்லை. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் எதிரே அதே இந்தோனேசியா. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் கால் மணி நேர இடைவெளிக்குள் மூன்று: சஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 2-1 எனத் தோற்றும், 4-2 என்ற மொத்தக் கணக்கில் கிண்ணம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது.

பள்ளித் திடலில் நம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தரும் ஆசிரியர்களே, அடுத்த சனிக்கிழமை உங்கள் குழு ஐந்து கோல் வாங்கினால், அதற்கடுத்த சனிக்கிழமை யாரை இறக்குவீர்கள்?