முள்ளை அடுத்தவர் பாதையில் போடலாமா?





ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்று சொன்ன நபி (ஸல்) அவர்கள், அவற்றில் ஆகக் கடைசிக் கிளையாகக் குறிப்பிட்டது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை. சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஹதீஸ் இது. என் பாதையில் கிடந்த முள்ளை எடுத்து உங்கள் பாதையில் போட்டால், நான் அதை அகற்றியவன் ஆவேனா?

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் இதுதான் நடந்தது. நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசே லாரிகளை அனுப்பி அள்ளிச் சென்றது. கேரளத்தைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரிக் குப்பை எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எரித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். மதரஸாவில் ஃபிக்ஹின் பொது விதிகளை ஓதும்போது, தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதோடு பாடம் நிற்காது. அதே போன்ற இன்னொரு தீங்கைக் கொண்டு அதை நீக்கக் கூடாது என்பது அதையொட்டி வரும் விதி. இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்களின் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' நூலில் இது விரிவாக வருகிறது.

நெருப்பும் அப்படி ஒரு தீங்காக மாறும். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைக் குழியில் போட்டுக் கொளுத்தினால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது புல்லில் படிந்து, மாட்டின் பாலில் சேர்ந்து, குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது. புற்றுநோய் தரக்கூடியது. அதனால்தான் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் எரிப்பு உலைக்கு இரண்டு அறைகள் வேண்டும் என்கின்றன. முதல் அறையில் 800 டிகிரி. அங்கிருந்து வரும் புகை, சுமார் 1,050 டிகிரி வெப்பமுள்ள இரண்டாவது அறையில் குறைந்தது 2 விநாடி தங்க வேண்டும். இரண்டு முறை 'சுப்ஹானல்லாஹ்' சொல்லும் நேரம்தான்! அந்த இரண்டு விநாடி குறைந்தால் நஞ்சு பக்கத்து ஊருக்குப் போகிறது.

அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. உலை சரியாக இருந்தாலும், அதற்குள் போகும் பை சரியாக இருக்க வேண்டுமே! இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு, அவை எரிக்கப்படும். குளுக்கோஸ் டியூப், கையுறை போன்றவை சிவப்புப் பைக்கு; அவற்றை எரிக்கக் கூடாது, கிருமி நீக்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். ஊசிகளுக்குக் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா. இரவு இரண்டு மணிக்கு, ஒரு நர்ஸ் சகோதரி கையில் டியூபுடன் நிற்கிறார். மஞ்சள் பை பக்கத்தில், சிவப்புப் பை பத்தடி தள்ளி. யாரும் பார்க்கவில்லை. அல்லாஹ் பார்க்கிறான் என்ற இஹ்ஸான் தொழுகையோடு முடிவதா என்ன? அந்தப் பத்தடி நடையும் இபாதத்துதான் என்பேன்.

சர்க்கரை நோயால் தந்தையின் காலை இழந்த ஒருவர், அதையும் எரிப்பார்களா ஹழ்ரத் என்று என்னிடம் கேட்டார். உடல் உறுப்புகளை எரிக்க விதிகள் இடம் தருகின்றன. உயிருடன் இருப்பவரின் துண்டிக்கப்பட்ட உறுப்பைத் துணியில் சுற்றி அடக்குவதே நல்லது என்பது ஃபுகஹாக்களின் கருத்து. அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். பிறகு கேட்டால் பை போயிருக்கும்.

கடைசியாக, நம் வீடு. இன்சுலின் ஊசியைப் பால் கவரில் சுற்றித் தெருக் குப்பையில் போடுகிறோம். காலையில் அதைப் பிரிக்கும் அம்மாவின் விரலில் அது குத்தினால், மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் தொற்ற வாய்ப்பு உண்டு. மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து வையுங்கள். முஅத்தின் அறையில் அப்படி ஒரு டப்பா வைக்க நிர்வாகத்தினரிடம் கேட்டிருக்கிறேன். நிரம்பியதும் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்க்க ஓர் இளைஞர் வேண்டும். தொழுகை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.