முதலில் தேதியைப் பாருங்கள்

நாட்டிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியை 1939-இல் கொண்டுவந்தது, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு. தமிழ்நாட்டில் 2007-இல் அது வாட் ஆனது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தது. சட்டம் மாற மாற, வரி வழக்கறிஞருக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

சென்னை பேசின் பிரிட்ஜ் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஜிஎஸ்டி உத்தரவோடு வரி வக்கீலிடம் ஓடுகிறார். "சார், இவ்வளவு தொகை போட்டிருக்காங்களே!" என்று பதறுகிறார். வக்கீலின் கண் தேடுவதோ தேதியை. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதத்தை முன்னதாகக் கட்ட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம் கிடைக்கலாம். அதையும் தாண்டினால், நியாயம் நம் பக்கம் இருந்தும் கதவு அடைபடும்.

நோட்டீஸ் தபாலில்தான் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏறிக் கிடக்கும். தேதியைக் கவனித்தால் லாபமும் உண்டு: மாநகராட்சிச் சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

வாதத்தில் தோற்றவருக்கு அடுத்த படி இருக்கிறது. கெடுவைக் கோட்டைவிட்டவருக்கு அதுவும் இல்லை.