தராசைத் துடைத்து வைப்போம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடையில் நாம் அன்றாடம் புழங்கும் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாக்கி, வசூல், அசல், ஜாமீன் ஆகியவை அரபுச் சொற்கள். தராசும் ரசீதும் பாரசீகச் சொற்கள். சுங்கத் தீர்வையை ஆங்கிலத்தில் 'டாரிஃப்' என்கிறார்களே, அதுவும் 'தஃரீஃப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைப் புழங்கிய அக்காலத்துக் கடைத்தெருவின் ஒழுங்கு நம்மிடம் உண்டா என்பதை நாம் பார்க்க வேண்டாமா?

அளவில் குறைப்போரை எச்சரிப்பதற்கென்றே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அவர்கள் பெயரால் வழங்குகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு கண்டித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். இந்த வழியைப் பின்பற்றியே பிற்கால முஸ்லிம் நகரங்களில் 'முஹ்தஸிப்' என்னும் கடைவீதி மேற்பார்வையாளர் இருந்தார்.

அவருக்கு வழிகாட்டியாக 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து ஷைஸரீ என்பவர் ஒரு நூல் எழுதினார். எடைக்கற்கள் இரும்பால் ஆகி முத்திரை பெற்றிருக்க வேண்டும். கல்லால் ஆனவையாயின், தேய்ந்து எடை குறையாதபடி தோலால் மூடி முத்திரையிட வேண்டும். எண்ணெயும் அழுக்கும் படியாதபடி தராசைத் துடைத்து வைக்க வேண்டும். சரக்கை உயரத்திலிருந்து தட்டில் போடக்கூடாது. தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தொடக்கூடாது என்கிறார். மாவு பிசைபவர் வாயை மூடித் துணி கட்ட வேண்டும் என்றும், பாலில் ஒரு மயிரைத் தோய்த்து எடுத்துப் பால் ஒட்டாவிட்டால் தண்ணீர் கலந்தது என்று அறியலாம் என்றும் சொல்கிறார். கட்டைவிரல் வரை கவனித்திருக்கிறார்கள், பாருங்கள்!

அதே நூற்றாண்டில் மர்வ் நகரில் அல் காஸினீ என்னும் அறிஞர் வாழ்ந்தார். ஹிஜ்ரி 515இல், அதாவது 1121-22இல், 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலை இயற்றினார். அதில் ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு தராசை விவரிக்கிறார். பொருளைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து, தங்கத்தில் வேறு உலோகம் கலந்துள்ளதா, மாணிக்கம் அசலா போலியா என்று கண்டுபிடிக்க அது உதவியது. அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். சுல்தான் அனுப்பிய 1000 தீனார்களை, தமக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்நூலின் பெயரிலுள்ள 'மீஸான்' என்பது கடைத் தராசுக்கும் பெயர். மறுமையில் நம் அமல்களை நிறுக்கும் தராசுக்கும் அதுவே பெயர்.

இன்று நம் கடையில் இருப்பது மின்சாரத் தராசு. அதிலும் சர்க்காரின் முத்திரை ஒட்டியிருக்கிறது. ஆனால் பழைய மசாலாத் தூளைப் புதியதோடு கலப்பதை அந்த முத்திரை தடுக்குமா? ஈர வெங்காயத்தை மூட்டையின் அடியில் மறைப்பதைத் தடுக்குமா? பையின் எடையையும் சரக்கோடு சேர்த்து நிறுப்பதைத் தடுக்குமா? ஐந்து பத்துக் கிராம்தானே என்று நாம் நினைக்கலாம். நாள் முழுதும் நிறுக்கும் கடையில் அது எத்தனை பேருடைய ஹக்கு? வாங்கிப் போனவர்களைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க நம்மால் ஆகுமா?

இன்னொன்றும் உண்டு. கல்லாவில் நம் அருகே நிற்கும் பையன் நம் வாயைவிட நம் கையைத்தான் கவனிக்கிறான். நாளை அவன் தனியே கடை வைக்கும்போது அந்தக் கையைத்தான் பின்பற்றுவான்.

ஆகவே சகோதரர்களே, காலையில் கடை திறந்ததும் தராசைத் துடைப்போம். முள்ளோ எண்ணோ பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்போம். பையின் எடையைக் கழிப்போம். சரக்கில் குறை இருந்தால் வாங்குபவரிடம் சொல்லியே விற்போம்.

அல்லாஹு தஆலா நம் ரிஜ்கை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.