மடியில் கனம்

நாகப்பட்டினத்தில், நீலா தெற்கு வீதியில், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதன் ஒருவன் இருந்தான். கீழ்வேளூருக்கு அப்பால் அவனுக்கு நிலம். 1971-ஆம் வருஷக் கோடையில் ஒரு நாள் அவன் வீட்டில் சாப்பிட்டேன். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும், இடுப்பு வேஷ்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்து ஜமக்காளத்தின்மேல் வைத்தான். பிஸ்டல்.

"லைசென்ஸ் வாங்கிட்டேன்டா. பெல்ஜியம் பிரௌனிங். மணியாச்சியிலே வாஞ்சி கையிலே இருந்ததே, அந்த ஜாதி" என்றான்.

1911-இல் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சி அடுத்தபடி தன்னையே சுட்டுக்கொண்டான் என்பதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்துவானேன் என்று இருந்துவிட்டேன்.

"குண்டு இருக்கா?"

"பயந்தாங்கொள்ளி! இதோ பார், எடுத்தாச்சு" என்று பிடிக்குள்ளிருந்த தோட்டாக் கூட்டை உருவித் தட்டின் பக்கத்தில் வைத்தான். பிறகு, யந்திரம் எப்படி வேலை செய்கிறதென்று எனக்குக் காட்டுவதற்காக மேல்தகட்டைப் பின்னுக்கு இழுத்தான். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி வந்து வெற்றிலைமேல் விழுந்தது.

இரண்டு பேரும் பேசவில்லை. அதற்கு ஒரு நிமிஷம் முன்புவரை அந்தப் பிஸ்டலின் வாய் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே அவன் மனைவி பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள்.

சுழல் துப்பாக்கி என்கிற ரிவால்வரில் இந்தச் சூது கிடையாது. உருளையைத் திறந்தால் எத்தனை அறை, எதில் தோட்டா, எது காலி என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிஸ்டல் அப்படியில்லை. ஒரு தோட்டா வெடித்த வேகத்திலேயே காலி உறையைத் துப்பிவிட்டு, அடுத்ததைத் தானே குழலின் அடியில் ஏற்றிக்கொள்ளும். கூட்டை உருவினாலும் ஏறிய ஒன்று ஏறியபடியே இருக்கும். கூட்டை எடுத்ததோடு ஆபத்து போயிற்று என்று நம்பித்தான் அநேகம் பேர் விசையைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஒழுங்கு முறை இல்லாமலில்லை. எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே பாவிக்க வேண்டும். சுட நினைக்காத எதன் பக்கமும் அதன் வாயைத் திருப்பக் கூடாது. சுடுவதென்று தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையில்தான் இடுப்பில் தரிக்க வேண்டும். வேஷ்டி மடிப்பு உறையாகாது. இவ்வளவும் சரி. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் இந்த முறைகளில் பதில் இல்லை: குழலின் அடியில் தோட்டாவை ஏற்றி வைத்துக்கொண்டு நடமாடுவதா, ஏற்றாமலா?

ஏற்றாமல் வைத்தால் வீட்டில் உள்ளவர்களுக்குப் பத்திரம். ஆனால் எதிரி கத்தியோடு பாயும்போது இரண்டு கையையும் உபயோகித்து மேல்தகட்டை இழுக்க வேண்டும். அதுவரை அவன் பொறுப்பானா? ஏற்றி வைத்தால் கை தயார், வீடு தயாரில்லை. அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியைப் பெட்டியில் வைத்தாலோ, பத்திரத்துக்குக் குறைவே இல்லை. திருடன்தான் காத்திருக்க வேண்டும்! துப்பாக்கியால் வரும் காப்பு எவ்வளவு கூடுகிறதோ, துப்பாக்கியிடமிருந்து நமக்குள்ள காப்பு அவ்வளவு குறைகிறது. இடுப்பில் அதைச் செருகுகிறவன் தினம் காலையில் ஒரு தீர்மானம் செய்கிறான். முகம் தெரியாத யாரோ ஒருவனிடம் தனக்குள்ள பயம் பெரிதா, தன் கையிடமே உள்ள பயம் பெரிதா என்று.

என் சிநேகிதனைக் கேட்டேன்: "யாருக்குடா பயப்படறே?"

"வெண்மணிக்கு அப்புறம் தனியா வயலுக்குப் போக முடியலை" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் நிலத்துக்கு வெகு தூரமில்லை, தேவூரை அடுத்த கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு அங்கே நடந்தது உலகறிந்தது. விவசாயக் கூலிகள் கேட்டது அரைப் படி நெல் அதிகம். செங்கொடியை இறக்கவும் மறுத்தார்கள். நிலச் சொந்தக்காரர்களின் ஆட்கள் சேரிக்குள் புகுந்தார்கள், துப்பாக்கி வெடித்தது, குண்டடி பட்டவர்கள் உண்டு. ஓடி ஒளிய இடமின்றி ஒரு குடிசைக்குள் புகுந்தவர்களில் நாற்பத்து நான்கு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அந்தக் குடிசையோடு எரிந்து போனார்கள். எரிந்தது எவர் வீடு? பயம் வந்தது எவருக்கு? பயத்துக்கு லைசென்ஸ் கிடைத்தது எவருக்கு?

சிநேகிதனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கூலியை ஒரு நாளும் குறைத்தவனில்லை அவன். அவன் பயமும் பொய்ப் பயமில்லை. உடம்பு எடுத்த எவருக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை பதினொரு பிரிவுகளில் அதைச் சொல்லிற்று. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளிடம் போக அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. பணக்காரனுக்கென்று ஒரு தற்காப்பு, குடிசைக்காரனுக்கென்று ஒரு தற்காப்பு அதில் இல்லை. ஆனால் லைசென்ஸ் மனு வேறு சமாசாரம். அதில் காரணம் எழுத வேண்டும். நிலமும் களத்து நெல்லும் நகையும் காரணமாக எழுத வரும். அரைப் படி நெல் கேட்டதனால் ஆபத்து என்று எந்தக் கூலிக்காரன் கலெக்டருக்கு எழுதிப் பிஸ்டல் வாங்கியிருப்பான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெண்மணி வழக்கில் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970-இல் எட்டுப் பேருக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது. பெரும் நிலக்காரர்களும் செல்வந்தர்களுமாக இருப்பவர்கள் வேலைக்காரர்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று அந்தத் தீர்ப்பு கருதியது. படித்தபோது எனக்கு அந்த வெற்றிலைத் தட்டு ஞாபகம் வந்தது. கௌரவமான மனுஷர், அவர் கையில் அபாயம் இல்லை என்ற அதே நம்பிக்கைதான் லைசென்ஸ் கொடுக்கிற மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறது. அபாயம் கௌரவத்தைப் பார்த்தா வருகிறது? தூக்கக் கலக்கத்திலும் கோபத்திலும் அது வருகிறது. ஏழை, பணக்காரன் என்று பாராமல் எல்லாருக்கும் அவை வரும்.

2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று கேட்கின்றன. நல்ல ஏற்பாடு. விரலுக்குப் பயிற்சி கொடுக்கலாம். பாகப் பிரிவினைச் சண்டையில் மாப்பிள்ளை ஒரு வார்த்தை தடித்துப் பேசும்போது நெஞ்சு கொதிக்காமலிருக்க எந்தப் பயிற்சிச் சாலை சான்று தரும்? சர்க்காருக்கும் இது தெரியாததல்ல. தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்களிடமிருந்துகூடத் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, ஏன்? ஊர் சூடாக இருக்கிறது என்பதால்தானே!

என் சிநேகிதன் பிஸ்டலும் அப்படிப் பின்னால் ஒரு தேர்தலின்போது ஸ்டேஷனுக்குப் போயிற்று. தேர்தல் முடிந்து அதைத் திரும்பிக் கொண்டுவர அவன் அவசரம் காட்டவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் லைசென்ஸையே புதுப்பிக்காமல் விட்டுவிட்டான்.

மறுபடி நான் போயிருந்தபோது அவன் மனைவி காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அது தலைகாணிக்குக் கீழே இருந்த வரைக்கும், அண்ணே, ராத்திரி கொல்லைப் பக்கம் போயிட்டு வந்தால், 'நான்தான், நான்தான்'னு சொல்லிக்கிட்டேதான் உள்ளே வருவேன். இப்பவும் வாய் தானா சொல்லுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு காப்பியை ஆற்றினான்.