எண் முதலில், காரணம் பிறகு

சில வருடங்களுக்கு முன், என் குழுவில் இருந்த ஒருவருக்கு ஆண்டு மதிப்பீட்டில் சுமாரான மதிப்பெண் போட வேண்டியிருந்தது. 'வேண்டியிருந்தது' என்கிற சொல்லுக்குள் ஒளிந்துகொள்வது எவ்வளவு வசதி! சம்பள உயர்வுக்கான மொத்தத் தொகை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எத்தனை பேருக்கு நல்ல மதிப்பெண் தரலாம் என்பதும் முடிவாகியிருந்தது. மிச்சம் இருந்தது காரணம் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவருடைய பழைய மின்னஞ்சல்களைத் துழாவி அதைத் தேடி எடுத்தேன். தாமதமான ஒரு வேலை, கூட்டத்தில் கொஞ்சம் காட்டமாகப் பேசிய ஒரு சந்தர்ப்பம். எதுவும் பொய்யில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரி சார்" என்றார். அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னோடுதான் இருந்தார். ஒருநாள்கூட "இதுல எனக்கு ஒரு சந்தேகம்" என்று என்னிடம் வரவில்லை.

அமெரிக்க பேஸ்பாலில் சம்பளத் தகராறுகள் தீர்க்கப்படும் முறையைப் பற்றிப் படித்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தது.

முறை இதுதான். மேஜர் லீக்கில் ஓர் ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ முதல் மூன்று வருடங்கள் கிளப் கொடுப்பதுதான் சம்பளம். குறைந்தபட்சத் தொகை மட்டும் ஒப்பந்தத்தில் உண்டு. ஆறு வருடம் முடித்தால் விரும்பிய கிளப்புக்குப் போகலாம். இடைப்பட்ட வருடங்களில் சம்பளம் படியவில்லை என்றால், மூன்று நடுவர்கள் முன் போகலாம். ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், கிளப் ஒரு தொகை சொல்லும். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 'ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுங்க' என்கிற பஞ்சாயத்து இங்கே கிடையாது. பாதியில் முடிப்பார்கள் என்று தெரிந்தால் இருவரும் வானத்துக்கும் பூமிக்குமாகக் கேட்பார்கள். முழுசாகத் தோற்கலாம் என்கிற பயம் இருந்தால் இருவரும் நியாயத்தை நோக்கி நகர்வார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்பே சமரசமாகிவிடுகின்றன.

ஆகாதவை அறைக்குள் போகின்றன. அங்கே, உன் திறமையை நம்பி உன்னை வைத்திருக்கும் கிளப், நீ அவ்வளவு ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்று உன் முன்னாலேயே வாதாடும்.

2023 பிப்ரவரியில் மில்வாக்கி புரூவர்ஸ் கிளப்பின் பிட்ச்சர் கார்பின் பர்ன்ஸ் அப்படி உட்கார்ந்திருந்தார். 2021-இல் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கியவர். 2022-இல் 243 ஸ்ட்ரைக்அவுட்களுடன் அந்த லீக்கிலேயே முதலிடம். அவர் கேட்டது 1 கோடியே 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கிளப் சொன்னது 1 கோடியே 10 ஆயிரம். கிளப் ஜெயித்தது. 2022-இல் அணி ஒரே ஒரு வெற்றி குறைந்து அடுத்த சுற்றை இழந்ததற்குத் தன்னையே முக்கியக் காரணமாகக் காட்டினார்கள் என்று பர்ன்ஸ் பிறகு செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். உறவு புண்பட்டுவிட்டது என்றார். ஏறத்தாழ ஒரு வருடத்தில் அவர் பால்டிமோருக்கு மாற்றப்பட்டார். விசாரணைதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தம் முடியப்போகும் ஆட்டக்காரரைச் சின்ன ஊர்க் கிளப்புகள் விற்பது வழக்கம்தான். ஆனால் இருதரப்புக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 7 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அடுத்த வருடம் லீக்கில் ஒரு புதுமுகத்துக்கான குறைந்தபட்சச் சம்பளமும் அதே தொகைதான்.

கோடி டாலர் வாங்குகிறவருக்கு என்ன புண் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விலை உள்ள பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம், விலைக்கு அப்பாற்பட்டதற்குக் கண்ணியம் உண்டு என்று பிரித்தவர் இமானுவேல் கான்ட். அந்த அறை விலையை மட்டும் பேசுவதற்காகக் கட்டப்பட்டது. சிக்கல் என்னவென்றால், விலையைக் குறைக்கத் தனியாக ஒரு மொழி நம்மிடம் இல்லை. 'ஏழு லட்சம் கம்மி' என்பது யாருக்கும் வலிக்காது. 'உன்னாலதான் தோத்தோம்' என்பது வலிக்கும்.

விதிகளே பேச்சை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. நடுவர்கள் எதைப் பார்க்கலாம் என்ற பட்டியலில் போன பருவத்துப் பங்களிப்பு, ஒப்பிடத்தக்கவர்களின் சம்பளம் போன்றவற்றோடு ஆட்டக்காரரின் உடல், மனக் குறைபாடுகளும் இருக்கின்றன. எதைப் பார்க்கக் கூடாது என்ற பட்டியலில் கிளப்பின் பண நிலைமை இருக்கிறது. 'எங்களால முடியல' என்று கிளப் சொல்லவே முடியாது. ஆட்டக்காரரைப் பாதுகாக்கத்தான் இந்த விதி. ஏழை வேஷம் போட்டுத் தப்பிக்க முடியாதே. ஆனால் அதன் விளைவாக, குறை எங்கே இருக்க முடியும்? ஆளிடம்தான். இத்தனைக்கும் பிறகு நடுவர்கள் தீர்ப்புக்குக் காரணம் எழுதுவதில்லை. தோற்றவருக்குத் தன்னைப் பற்றிச் சொன்னதில் எது நம்பப்பட்டது என்று தெரியாது. எல்லாமே நம்பப்பட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

அப்படியானால் இந்த அறையை மூடிவிடலாமா? இதற்கு முன்பு இருந்ததை நினைத்தால் மூடச் சொல்ல மனம் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் கிளப்புக்கே சொந்தம் என்ற விதி பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. தன்னைக் கேட்காமல் செயின்ட் லூயிஸிலிருந்து பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் உச்ச நீதிமன்றம்வரை போய் 1972-இல் தோற்றார். அந்தக் காலத்தில் யாரும் ஆட்டக்காரரின் குறைகளை அடுக்கி வாதாடவில்லை. தேவையே இல்லை. தொகையைச் சொன்னால் போதும், பிடிக்கவில்லை என்றால் வீட்டில் உட்காரலாம். அந்த மரியாதை, முதலாளி காட்டுகிற மரியாதை. 1974-இல் முதல் விசாரணைகள் நடந்தபோதுதான், கொடுக்க மாட்டேன் என்பதற்குக் காரணம் சொல்லும் கடமை கிளப்புக்கு வந்தது. காயப்படுத்தும் காரணம்கூட, காரணமே சொல்லாத சிரிப்பைவிட ஒரு படி மேல் என்றுதான் நினைக்கிறேன்.

இதை என் ஞாயிற்றுக்கிழமையோடு வைத்துப் பார்த்தால் எனக்குச் சாதகமாக எதுவும் மிஞ்சவில்லை. அந்த அறையிலும் எண் முதலில், காரணம் பிறகுதான். ஆனால் அது எல்லாருக்கும் தெரியும். எதிர்த்தரப்புக்கு ஒரு வக்கீல் உண்டு, பதில் சொல்ல நேரம் உண்டு, தீர்க்க மூன்றாவது ஆள் உண்டு. நான் வைத்த விசாரணையில் வாதியும் நான், நடுவரும் நான். எண்ணுக்காகத் தேடிய காரணத்தை, அக்கறையோடு சொல்லும் அறிவுரை மாதிரி சொன்னேன். அவர் அதை நம்பியிருந்தால் தன்னைச் சந்தேகித்திருப்பார். நம்பாமல் போயிருந்தால் என்னை. இரண்டு வருட மௌனத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட.

'பணம் இல்லை' என்று சொல்ல பேஸ்பால் கிளப்புக்குத் தடை இருக்கிறது. எனக்கு அப்படி எந்தத் தடையும் இருக்கவில்லை. "உங்க வேலை நல்லாத்தான் இருக்கு, இந்த வருஷம் கொடுக்கப் பணம் இல்ல" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.