சின்னப்பர் பார்த்த ஊரும் நாம் பார்க்கும் ஊரும்



விடுமுறை வந்தால் கண்டி வழியாக நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு சுற்றுலாப் போகிறோம். வழியில் இறம்பொடையில் வண்டி நிற்கிறது. 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியைப் பார்க்கிறோம். சோற்றுப் பார்சலைப் பிரித்து உண்கிறோம். சுடச்சுடத் தேநீர் அருந்திப் புறப்படுகிறோம். இதில் தவறில்லை. இறைவனின் படைப்பைக் கண்டு மகிழ்வதும் ஒரு செபமே.

ஆயினும், மக்களைப் பார்த்தோமா?

புனித சின்னப்பர் ஏதென்ஸ் மாநகரில் தோழர்களுக்காகக் காத்திருந்தபோது ஊரைச் சுற்றிப் பார்த்தார். அறியாத தெய்வத்துக்கென்று நாட்டிய பலிபீடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. கல்லோடு அவர் பார்வை நிற்கவில்லை; அதை நாட்டியவர்களின் தேடலைக் கண்டார். சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு நாள்தோறும் உரையாடினார் (அப். பணி 17).

இறம்பொடையிலும் மனிதர் இருக்கிறார்கள். நாம் அருந்தும் தேநீருக்குக் கொழுந்து கிள்ளும் தாய், நிறை குறைந்தால் அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்புகிறார். 1948இல் அம்மக்கள் குடியுரிமை இழந்தார்கள். அவர்களில் எஞ்சியோர் அதைப் பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். முழுப்பேருக்காக வெயிலிலும் மழையிலும் நிற்கும் அத்தாயைப் படம் பிடிக்கிறோம். அவருடைய பேரைக் கேட்பதில்லை. நம்மில் சிலர் அப்படிப்பட்ட தாயின் பேரப்பிள்ளைகள். பட்டணத்தில் அதைச் சொல்ல நாணுகிறோம்.

பெற்றோரே, அடுத்த பயணத்தில் பிள்ளைகளோடு சற்று நின்று, "வணக்கம் அம்மா" என்று நலம் விசாரியுங்கள். அன்றிரவு குடும்பச் செபத்தில் அவர் பெயரையும் சொல்லி மன்றாடுங்கள்.