வெறுங்கை

மகாராஜபுரத்தில் நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வெள்ளை முயல்களை வளர்க்கிறார்கள். நாம் அங்கே போயிருந்தபோது, கூண்டின் மூலையில் ஒடுங்கியிருந்த முயலை நோக்கி, வீட்டுச் சிறுவன் மூடிய கையை நீட்டி, "வா, வா" என்றழைத்தான். அது தயங்கித் தயங்கி வந்து முகர்ந்தது. கைக்குள் ஒன்றுமில்லை! மறுகையால் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டான். மறுநாள் கை நிறையக் கீரை இருந்தும் முயல் வரவில்லை.

நாமும் சிரித்தோம், பிறகுதான் சிந்தித்தோம். வாயில்லா ஜீவனை ஏய்ப்பதும் பொய்தானா?

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது நடந்த சம்பவம் அபூதாவூதில் வருகிறது. ஏதோ தருவதாகச் சொல்லித் தாயார் அவரை அழைத்தார்கள். அங்கிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர் என்று வினவ, பேரீத்தம்பழம் என்றார்கள் தாயார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

அது குழந்தையைப் பற்றியது. முயலுக்குச் சொல் புரியுமா என்று கேட்கலாம். சொல் புரியாது. நீட்டிய கை புரிகிறதே! அதற்கு நம் கைதான் நம் சொல்.

'வேட்டைநாய்க்குப் பேர்போன இராஜபாளையத்துப் பக்கம் இருந்துகொண்டு முயலுக்கு இத்தனை நியாயமா? சஹாபாக்களும் முயலைத் துரத்திப் பிடித்தார்களே!' என்பாரும் உண்டு. உண்மைதான், அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தி புகாரியில் உள்ளது. காட்டுமுயல் வேட்டையை 1972ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தடுத்திருப்பது வேறு விஷயம். ஆனால் வேட்டையாடுபவன் முயலுக்கு அடைக்கலம் தருவதாகக் காட்டிக்கொள்வதில்லை. நாமோ ஓடும் வழியை அடைத்து, உணவுக்கும் நம் கையையே எதிர்பார்க்கும்படி வைத்துவிட்டோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதி நமக்குத் தெரியாததா? அடைத்து வைத்தவனிடம் அது அமானிதம்.

முயல் இயல்பிலேயே பிறவற்றுக்கு இரையாகும் பிராணி. பக்கவாட்டில் அமைந்த கண்களால் பின்னாலும் மேலேயும் பார்க்கும். தன் மூக்கின் நேர்முன்னே இருப்பதுதான் அதற்குத் தெரியாது. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்தின் நகம். பயத்தில் உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. தரையில் அமர்ந்து, புல்லை அருகில் வைத்து, அது வரவும் போகவும் விட வேண்டும். நாட்கள் பல ஆகும்.

அந்தச் சிறுவனிடம் இதைச் சொன்னோம். "இத்தனை நாள் யார் காத்திருப்பது?" என்றான். ஏமாற்ற ஒரு நிமிடம் போதும், தம்பி. ஏமாற்றியதை ஈடுசெய்யத்தான் இத்தனை நாள்.

நம் கையை நம்பி வாழும் உயிர்களிடம் உண்மையாய் நடக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.